ஹேசல் கிரீக்கும் சபாநாதன் அண்ணையும்

சபாநாதன் அண்ணை காலமான செய்தி வந்தபோது நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். மனத்துக்குள் அல்ல, வாய்விட்டே. மொன்றியலின் சென்ட் லோரன்டில் நான் வேலை செய்யும் மருந்துத் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் இருந்துகொண்டு, எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு அவர் அனுப்பிய கட்டுரையைச் சிவப்புப் பேனையால் வெட்டிக்கொண்டிருந்தேன். கட்டுரையின் தலைப்பு ‘ஹேசல் கிரீக் டவுன்ஷிப்: நிலமும் மக்களும்’. போன வருடத்துத் தலைப்பு ‘ஹேசல் கிரீக் டவுன்ஷிப்: மக்களும் நிலமும்’. அதற்கு முந்திய வருடங்களைப் பற்றி நான் கதைக்க விரும்பவில்லை.

கைபேசியில் செல்வரத்தினம் அண்ணை. எங்கள் சங்கத் தலைவர். சபாநாதன் அண்ணையின் மனைவி யோகம் அக்காவின் தமையன். “பிள்ளை, சபாநாதன் காலமாயிட்டார். காலமை தேத்தண்ணியோட கதிரையில இருந்தவர், அப்பிடியே சரிஞ்சிட்டார்” என்றார். நான் கையிலிருந்த பேனையை மூடவில்லை. முதலில் அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இவ்வளவு பிழைகளோடு ஒரு கட்டுரையை என் தலையில் கட்டிவிட்டு, ஒரு பிழையைக்கூடத் திருத்தித் தராமல் போய்விட்டாரே என்ற எரிச்சல். அழுகை வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் வந்தது.

சங்கத்தில் அவரை அறிந்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலின் கார் நிறுத்துமிடத்தில் அவரைக் கண்டதும் உங்களில் பலர் காரை மறுபக்கம் திருப்பியதை நான் கண்டிருக்கிறேன். மறுக்க வேண்டாம், நானும் ஓரிரு தடவை திருப்பியிருக்கிறேன். பிடிபட்டால் அரைமணி நேரம் போய்விடும். பூசை முடிந்து பிரசாதமும் முடிந்துவிடும். அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தின் வடக்கு விளிம்பில், காடும் மேய்ச்சல் நிலமுமாகக் கிடக்கிற, உலகத்தில் ஒருவருக்கும் தேவைப்படாத ஒரு குட்டிக் கிராமப் பிரிவின் வரலாறு, புவியியல், சனத்தொகை மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம்.

அவர் ட்ரக் ஓட்டுநர். மொன்றியலில் சாமான் ஏற்றி அமெரிக்காவுக்குள் கொண்டுபோய் இறக்குவார். ஒரு குளிர்காலத்தில் பனிப்புயலில் வீதி மூடப்பட்டு, ஹேசல் கிரீக்கில் ட்ரக்கோடு அகப்பட்டுக்கொண்டார். அந்த ஊர்த் தொண்டர்கள் நடத்தும் தீயணைப்பு மண்டபத்தில் அவரைப் படுக்க வைத்தார்கள். டவுன்ஷிப்பின் எழுத்து வேலைகளைப் பார்க்கும் மார்த்தா என்ற பெண் பெரிய பாத்திரத்தில் சூப் கொண்டுவந்து கொடுத்தார். அது மான் இறைச்சி என்று குடித்து முடித்த பிறகுதான் அண்ணைக்குத் தெரியும். வீதி திறந்து அவர் திரும்பி வந்தார். ட்ரக் மட்டும்தான் வந்தது, அவர் வரவில்லை என்று யோகம் அக்கா சொல்வார்.

அதன்பிறகு ஒவ்வொரு கோடையிலும் யோகம் அக்காவையும் மகள் ஷாலினியையும் ஏற்றிக்கொண்டு அங்கே போவார். மற்றவர்கள் நயாகராவுக்கும் புளோரிடாவுக்கும் போனார்கள். கோட்-டெ-நெய்ஜில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வருடம் முழுதும் நின்று வேலை செய்யும் யோகம் அக்கா, தன் விடுமுறையில் நுளம்புக்கடி வாங்கிக்கொண்டு, இடிந்துபோன தோல் பதனிடும் தொழிற்சாலையின் புகைக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். “இந்த மனுசன் என்னைக் கட்டினதோ, அந்தக் காட்டைக் கட்டினதோ தெரியேல்லை, கௌரி” என்று என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார்!

அண்ணையின் கட்டுரையில் என்ன இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்களில் பாதிப் பேர் மலரில் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போனவர்கள் என்பதால். முதலில் அங்கே செனக்கா என்ற பூர்வகுடி மக்கள் வேட்டையாடித் திரிந்தார்கள். பிறகு வெள்ளையர் வந்தார்கள். மரப்பட்டைக்காக ஹெம்லொக் காட்டை வெட்டினார்கள், அந்தப் பட்டையை வைத்துத் தோல் பதனிட்டார்கள். மரம் ஏற்ற ரயில் வந்தது. மரம் முடிந்ததும் ரயில் தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் மாடு வளர்த்தார்கள். பிறகு மாடும் குறைந்தது, பள்ளிக்கூடம் மூடப்பட்டது, தபாற்கந்தோரும் மூடப்பட்டது. இப்போது இரண்டு தேவாலயம், ஒரு தீயணைப்பு மண்டபம், ஒரு பாலம், ஒரு சவக்காலை. மான் வேட்டை தொடங்கும் நாளில் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. இவ்வளவுதான். இதை அவர் ஒவ்வொரு வருடமும் வேறு ஒழுங்கில் எழுதுவார்.

பிழைகளும் ஒவ்வொரு வருடமும் அதேதான். அந்த ஊர் ஓடை வடக்கே பாய்ந்து, பெரிய ஏரியில் விழுந்து, கடைசியில் நம் மொன்றியல் ஆற்றுக்கு வருகிறது என்று எழுதுவார். அந்தப் பக்கத்தில் ஒரு மலை இருக்கிறது, அதன் ஒரு சரிவில் விழும் மழை அப்படி வடக்கே வருவதும் உண்மைதான். ஆனால் ஹேசல் கிரீக் அந்தச் சரிவில் இல்லை. வரைபடத்தை விரித்துக் காட்டினேன். ஓடை தெற்கே போகிறது. “வரைபடம் கீறினவன் மழையில நிண்டு பாத்தவனே?” என்று கேட்டார். இப்படிப்பட்ட மனிதரை வைத்துக்கொண்டு ஒரு மலர் ஆசிரியை என்ன செய்ய முடியும்?

சனத்தொகை விடயம் இதைவிட மோசம். அரசாங்கக் கணக்கை அவர் நம்பவில்லை. அதில் வேட்டைக் காலத்துக்கு மட்டும் வந்து போகிறவர்களும் சேர்ந்துவிட்டார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. ஆகவே தானே மார்த்தாவிடம் தொலைபேசியில் கேட்டுக் கணக்கை வைத்திருந்தார். எனக்கு ஓய்வு கிடைக்கும் ஒரே காலை ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு விடிந்தும் விடியாமலும் தொலைபேசி அடிக்கும்.

“தங்கச்சி, ஒராள் கூடிட்டுது. பாலத்தடி வீட்டுக்காரருக்குப் பெட்டைப் பிள்ளை.”

“அண்ணை, எனக்கு நித்திரை.”

“சரி சரி, பேந்து எடுக்கிறன். கட்டுரையில மட்டும் மாத்திவிடு.”

ஒருமுறை அவர் தொல்லை தாங்காமல் நானும் கூடப் போனேன். போகும் வழியிலேயே தொடங்கிவிட்டது. எல்லையில் அதிகாரி எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். நியூயோர்க் என்று சொல்லிவிட்டுப் போகிற வேலை. அண்ணை ஹேசல் கிரீக் என்றார். ஏன் என்றார் அதிகாரி. அண்ணை ஹெம்லொக் மரத்தில் தொடங்கினார். சொந்தக்காரர் ஒருவரும் இல்லாத, பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாத ஓர் இடத்துக்கு நான்கு தமிழர் போகிறார்கள் என்றால் எந்த அதிகாரி நம்புவார்? காரை ஓரமாக விடச் சொன்னார்கள். நாங்கள் வாங்கில் குந்தியிருந்தபோது அண்ணை மட்டும் சந்தோசமாக இருந்தார். ரயில் வந்த கதைவரைக்கும் அந்த அதிகாரி கேட்டுவிட்டாராம்.

அங்கே நான் கண்டது அவர் எழுதியபடியேதான் இருந்தது. மார்த்தா யோகம் அக்காவைக் கட்டிப்பிடித்தார். வெள்ளிக்கிழமை தீயணைப்பு மண்டபத்தில் மீன் பொரித்து ஊருக்கே கொடுத்தார்கள். அண்ணைக்கென்று அங்கே ஒரு கோப்பை, அவருடைய பெயரைப் பிழையாக எழுதி, கொழுக்கியில் தொங்கியது. ஆனால் பெற்றோல் அடிக்க நின்ற இடத்தில் ஒருவன் எங்களைப் பார்த்து, வந்த இடத்துக்கே போங்கள் என்று கத்திவிட்டுப் போனான். அந்த வருடக் கட்டுரையில் ‘இவ்வூர் மக்கள் விருந்தோம்பலிற் சிறந்தவர்கள்’ என்று அண்ணை எழுதியிருந்தார். நான் கொதித்துப்போனேன்.

“அண்ணை, அந்த ஆளைப் பற்றி ஏன் ஒரு வரிகூட இல்லை?”

“ஒராள்தானே தங்கச்சி.”

“அந்த ஊரில இருக்கிற சனத்துக்கு ஒராள் எண்டாலே பெரிய வீதம்!”

“அவன் பக்கத்து ஊர்க்காரன். விசாரிச்சிட்டன்” என்றார் அண்ணை, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

இவருக்கு ஏன் இந்த விசர் என்று தெரியாதவர்கள் இருக்கக்கூடும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பவர்கள் அதிகம். நான் வெளிப்படையாகவே எழுதிவிடுகிறேன். எங்கள் ஆட்கள் இரண்டு பேர் மெட்ரோவில் சந்தித்தால், முதல் கேள்வி ‘ஊரில எவடம்?’ ஊரின் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி ‘அதில எந்தப் பக்கம்?’ கோயிலடியா, சந்தையடியா, கடற்கரைப் பக்கமா என்று நெருங்கி நெருங்கி வந்து, ஆளின் சாதியைக் கண்டுபிடித்த பிறகுதான் மூச்சு விடுவார்கள். வாயால் சாதி என்ற சொல்லைச் சொல்ல மாட்டார்கள், மிகவும் நாகரிகமானவர்கள். சபாநாதன் அண்ணையின் ஊரைச் சொன்னால் ஒரு குழப்பமும் இல்லை. அதில் எந்தப் பக்கம் என்று சொன்னால் சிலருடைய முகம் மாறிவிடும். யோகம் அக்கா அவரைக் கட்டியபோது செல்வரத்தினம் அண்ணை கலியாணத்துக்கு வரவில்லை. ஷாலினி பிறந்த பிறகுதான் அந்த வீட்டுப் படியை மிதித்தார்.

அண்ணை பிறந்த ஊரின் பெயரை நானும் இங்கே எழுதப்போவதில்லை. அவர் வேண்டாம் என்று வைத்ததை அவருடைய நினைவுக் கட்டுரையில் நான் எடுத்து வைக்க மாட்டேன்.

ஹேசல் கிரீக்கிலிருந்து வந்த பிறகு, ‘ஊரில எவடம்?’ என்று யார் கேட்டாலும் அவர் அதைத்தான் சொல்வார். கேட்டவர் சிரிப்பார். இவர் சிரிக்காமல் வடக்கெல்லையிலிருந்து தொடங்குவார். கேட்டவர் எதற்கு இந்த மனிதரிடம் வாயைக் கொடுத்தோம் என்று ஓடும்வரை விடமாட்டார். அதைப் பார்த்து எனக்குத்தான் ஆத்திரம் வரும். நேரடியாகச் சண்டை பிடிக்க வேண்டிய இடத்தில் இவர் என்ன பகிடி விடுகிறார்? ஒருநாள் அவர் வீட்டுக் குசினியில் வைத்து அதைக் கேட்டேவிட்டேன். “ஏன் கேக்கிறாய், கேட்டு என்ன செய்யப் போறாய் எண்டு முகத்துக்கு நேர கேளுங்கோவன். ஏன் ஒளிக்கிறியள்?” என்றேன்.

அவர் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “நான் ஒளிக்கேல்லை, தங்கச்சி. சண்டை பிடிச்சு நான் வெண்டாலும், அவங்கள் கேட்ட கேள்விக்கு மறுமொழி சொன்ன ஆளாய்த்தான் இருப்பன். எனக்கு அந்தக் கேள்வியே வேண்டாம்.”

“ஹேசல் கிரீக்கில மட்டும் உங்களை ஒருத்தரும் கேக்கேல்லையோ? நீங்கள் எவடம் எண்டு கேக்காத வெள்ளைக்காரன் எங்க இருக்கிறான்?”

“கேட்டவை. மொன்றியல் எண்டன். அதோட விட்டிட்டினம். இன்னும் கொஞ்சம் சூப் விடட்டோ எண்டுதான் அடுத்ததாய்க் கேட்டவை.” கொஞ்சம் பொறுத்து இன்னொன்றும் சொன்னார். “அங்க ஒரு சவக்காலைதான் இருக்கு. எல்லாருக்கும் அது ஒண்டுதான்.”

அங்கேயும் நமக்குத் தெரியாத பக்கங்கள் இருக்கும், விருந்தாளிக்கு அதைக் காட்ட மாட்டார்கள், செனக்கா மக்களின் சவக்காலை எங்கே என்று கேட்டேன். “இருக்கும். நீ சொல்லுறது சரி. அதுதான் அவையைப் பற்றி முதல் வரியிலயே எழுதுறனான்” என்றார். அதற்குமேல் சண்டை பிடிக்க அவர் இடம் தரவில்லை. எனக்கோ அரைக் கிளாஸ் கோபம் மிச்சமாக இருந்தது.

அவரிடம் ஒரு வேலையை நாங்கள் எல்லோரும் கூச்சமில்லாமல் கொடுத்தோம். எங்கள் வழக்கத்தில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அவருடைய நினைவாக ஒரு சிறு புத்தகம் அச்சிட்டு, வந்தவர்களுக்குச் சாப்பாட்டோடு கொடுப்போம். கல்வெட்டு என்று சொல்வோம். அதில் தேவாரம் இருக்கும், வம்சாவளி இருக்கும், இறந்தவருடைய ஊரின் பெருமையைச் சொல்லும் ஒரு பக்கம் கட்டாயம் இருக்கும். மொன்றியலில் அந்த ஊர்ப் பக்கங்களைத் தமிழில் வேகமாகத் தட்டித் தந்தவர் சபாநாதன் அண்ணை. ஊர்ப் பெயரால் ஒவ்வொரு நாளும் நோகடிக்கப்பட்ட மனிதர், மற்றவர்களின் ஊரையெல்லாம் நீர்வளமும் நிலவளமும் கல்விவளமும் நிறைந்தது என்று எழுதினார். எல்லா ஊருக்கும் அதே வசனம்தான். பெயரை மட்டும் மாற்றுவார்.

அந்த வேலையில்தான் அவருடைய புகழ்பெற்ற பிழை நடந்தது. ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரின் கல்வெட்டுக்கு ஊர்ப் பக்கத்தை அனுப்பும்போது, கணினியில் மாறி, ஹேசல் கிரீக் கட்டுரையை அனுப்பிவிட்டார். ‘எமதூர்’ என்று தலைப்புப் போட்டு அச்சகத்தில் அப்படியே அடித்துவிட்டார்கள். முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் எல்லோருக்கும் கொடுத்தாயிற்று. செல்வரத்தினம் அண்ணை மேடையில் ஏறி, ஊரின் சிறப்பை இதைவிட அழகாக எழுத முடியாது என்று பாராட்டினார். நான் வடையைக் கடித்துக்கொண்டு புத்தகத்தைப் புரட்டினேன். ‘எமதூரைச் சுற்றியுள்ள மலைகளில் பனி உருகும் காலத்தில்’ என்று இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஏது மலை? வடை தொண்டையில் அடைத்துவிட்டது.

மண்டபத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. சில நாள் கழித்துப் பாரிஸிலிருந்து தபாலதிபரின் மருமகன் தொலைபேசியில் எடுத்து, “எங்கட ஊரில எப்ப ரயில் தண்டவாளத்தைக் கழட்டினவங்கள்?” என்று கேட்டபோதுதான் வீட்டுக்காரருக்கே தெரிந்தது. பெரிய அமளி. புது ஊர்ப் பக்கம் அச்சடித்து, அண்ணையும் யோகம் அக்காவும் நானும் கோட்-டெ-நெய்ஜிலும் சென்ட் லோரன்டிலும் மாடி மாடியாக ஏறி ஒவ்வொரு புத்தகத்திலும் ஒட்டினோம். எனக்கு முழங்கால் வலி, வெட்கம், பசி. அண்ணை ஏதோ திருவிழாவுக்கு வந்தவர் மாதிரி இருந்தார்.

“பாத்தியே தங்கச்சி, ஒருத்தரும் வாசிக்கேல்லை. ஊரில இருக்கிற வளம் ஒண்டும் அவைக்குத் தேவையில்லை. ஆள் எந்தப் பக்கம் எண்டு தெரிஞ்சாப் போதும், புத்தகத்தை மூடி வைச்சிடுவினம்” என்றார். பிறகு, அடுத்த படிக்கட்டில் ஏறும்போது, என்னையும் பின்னால் பை தூக்கி வந்த யோகம் அக்காவையும் பார்த்துச் சொன்னார்: “என்ர கல்வெட்டில ஹேசல் கிரீக்தான் வரவேணும். அது பிழையா வரக்கூடாது, வேணுமெண்டு வரவேணும்.” யோகம் அக்கா, “முதல்ல படியில ஏறுங்கோ” என்றார்.

இப்போது அந்தக் கல்வெட்டைத் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. செல்வரத்தினம் அண்ணை வீட்டுக்கு வந்து, ஊர்ப் பக்கத்துக்கு யோகம் அக்காவின் ஊரைப் போடச் சொன்னார். அதாவது தன்னுடைய ஊரை. காரணத்தையும் மறைக்கவில்லை. ஷாலினியும் ரொறன்ரோப் பெடியன் ஒருவனும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். பெடியனின் தாய் தகப்பன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறார்கள், முதல்முறையாக. கலியாணப் பேச்சு இன்னும் முடியவில்லை.

“சபாநாதனும் எங்கட ஊர் எண்டே இருக்கட்டும், பிள்ளை. போன மனுசனுக்கு அதில என்ன நட்டம்? பெட்டையின்ர வாழ்க்கையைப் பார். அமெரிக்கக் காட்டைப் போட்டியெண்டால் அவை உடன கேப்பினம், ஏன் இவர் சொந்த ஊரைச் சொல்லேல்லை எண்டு. பேந்து தோண்டத் தொடங்குவினம்.”

எனக்குக் கோபம் பொங்கியது. அண்ணையின் கலியாணத்துக்கே வராத மனிதர், அண்ணை செத்த பிறகு அவரைத் தன் ஊருக்குள் குடியேற்றப் பார்க்கிறார். ஆனால் அந்தக் கலியாணம் என் மகளுடையது அல்ல. ஷாலினியைக் கேட்டேன். “அது அவையின்ர பிரச்சினை, அன்ரி. ஆனா அம்மா பாவம். அம்மாவைக் கேளுங்கோ” என்றாள். யோகம் அக்காவைக் கேட்டேன். அவர் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. ஹேசல் கிரீக்கை அவரைவிட வெறுத்த ஆள் உலகத்தில் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

“அவர் கேட்டதைப் போடு” என்றார். “வாறது வரட்டும்.”

மார்த்தாவுக்கும் நான்தான் சொன்னேன். அவர் முதலில் யோகம் சாப்பிடுகிறாளா என்று கேட்டார். சபாநாதனை நாங்கள் சனத்தொகையில் ஒருநாளும் சேர்க்கவில்லை, அவர் இங்கே வரி கட்டியவர் அல்ல, ஆனால் கொழுக்கியில் தொங்கும் அவருடைய கோப்பையை எடுக்கப்போவதில்லை என்றார். கூட்டிக் குறைத்துச் சொல்லத் தெரியாத பெண். அண்ணைக்கு ஏன் அவரைப் பிடித்தது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

முப்பத்தோராம் நாள் மண்டபம் நிறைந்திருந்தது. செல்வரத்தினம் அண்ணை என்னோடு கதைக்கவில்லை. புத்தகத்தைக் கொடுத்தோம். இந்தமுறை எல்லோரும் வாசித்தார்கள். சபாநாதன் அண்ணையின் ஊர்ப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க அத்தனை பேருக்கும் ஆசை. சாப்பாடு முடியும் நேரத்தில் ரொறன்ரோப் பெடியனின் தகப்பன் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு யோகம் அக்காவிடம் வந்தார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. மரியாதையாகத்தான் கேட்டார்.

“வடிவா எழுதியிருக்கு. ஆனா இது அமெரிக்காவில ஒரு இடமெல்லோ? அவரின்ர சொந்த ஊர்…?”

“இதுதான் அண்ணை” என்றார் யோகம் அக்கா.

“இல்லை, ஊரில… எந்தப் பக்கம் எண்டு…”

நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். இத்தனை வருடமாக வாய்க்குள் வைத்திருந்த பதில் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் யோகம் அக்கா தன் கையை நீட்டி, என்னைப் பார்க்காமலே, என்னை மறித்தார்.

“பக்கமோ? பாலம் தாண்டி, தீயணைப்பு மண்டபத்துக்குப் பக்கம். அங்கதான் நாங்கள் நிக்கிறனாங்கள். நுளம்பு எண்டால் சொல்லி வேலையில்லை. மழை பெய்தா வீதி முழுக்கச் சேறு. போனும் வேலை செய்யாது. வெள்ளிக்கிழமையில மண்டபத்தில மீன் பொரிச்சு எல்லாருக்கும் குடுப்பினம். இவர் வரிசையில கடைசியா நிப்பார், எல்லாருக்கும் கிடைச்சுதோ எண்டு பாத்திட்டுத்தான் எடுப்பார். முந்தி அங்க பெரிய காடாம். மரமெல்லாம் வெட்டிப்போட்டாங்கள்…”

அவர் நிறுத்தவில்லை. தோல் தொழிற்சாலையைச் சொன்னார், ரயிலைச் சொன்னார், மூடிய பள்ளிக்கூடத்தைச் சொன்னார். பாதி பிழை, நான் திருத்தவில்லை. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார். ரொறன்ரோக்காரர் முதலில் சிரித்தார். பிறகு மனைவி எங்கே என்று சுற்றிப் பார்த்தார். தட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். “இருங்கோ அண்ணை, சனத்தொகை இன்னும் சொல்லேல்லை” என்றார் யோகம் அக்கா. நுளம்புக்கும் சேற்றுக்கும் இத்தனை வருடம் புருசனைத் திட்டிய பெண், அந்த ஊரை ஒரு வீடும் விடாமல் அறிந்து வைத்திருந்தார். யார் வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று ஒவ்வொரு வீடாகச் சொன்னார். கடைசி வீட்டைச் சொல்லிவிட்டு, “இப்ப அங்கயும் இவர் இல்லை” என்றார்.

அந்த மனிதர் புத்தகத்தில் வைத்திருந்த விரலை எடுத்தார். பிறகு பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “அது என்ன மீன், தங்கச்சி?” என்று கேட்டார்.

கலியாணப் பேச்சு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அவர் அன்றைக்கு மறந்தது நாளைக்கு ஞாபகம் வரலாம், எங்கள் ஆட்களை நான் அறிவேன். அதைப் பற்றி நான் ஒரு உத்தரவாதமும் தர மாட்டேன்.

சபாநாதன் அண்ணையிடமிருந்து நான் என்ன எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டால், அவருடைய பொறுமையை அல்ல. அது எனக்கு வராது, வரவும் வேண்டாம். நான் பழையபடி சண்டைதான் பிடிப்பேன். அவர் செய்த வேலையை எடுத்துக்கொள்கிறேன். இனி இந்த நகரத்தில் இறப்பவர்களின் கல்வெட்டுக்கு ஊர்ப் பக்கத்தை நான் எழுதித் தருகிறேன். அந்த ஊரின் மண்ணைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் அங்கே இருந்த எல்லாரைப் பற்றியும் எழுதுவேன். இறந்தவர் அதில் எந்தப் பக்கம் என்பதை எழுத மாட்டேன். வீட்டுக்காரரே வந்து கேட்டாலும் எழுத மாட்டேன். அண்ணை, இதற்கு என்னோடு வாக்குவாதம் பண்ண நீங்கள் இல்லாததுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது.